மாங்காய் பழுக்கும்வரை மருந்து

ஒரு காட்டில் யானைக்கும் மூஞ்சூறுக்கும் ஒரே மழைக்காலத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது. மரங்கொத்தி வைத்தியர் இருவருக்கும் ஒரே கசப்பு மருந்தைத்தான் கொடுத்தார்.

"பாவம், உன் உடம்புக்கு வருஷக்கணக்கில் ஆகும். நான் சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்பிருவேன்" என்று மூஞ்சூறு தினமும் யானைக்கு ஆறுதல் சொல்லும்.

மா பூத்தபோது வைத்தியர் யானையின் நெஞ்சில் அலகால் தட்டி, உள்ளே எழும் சத்தத்தைக் கேட்டார். "சுத்தமா இருக்கு. நீ மருந்தை நிறுத்திடலாம்." அடுத்து மூஞ்சூறைத் தட்டினார். "உனக்கு மாங்காய் பழுக்கிறவரைக்கும் வேணும்."

மூஞ்சூறுக்கு மீசை துடித்தது. "என் நெஞ்சு அவன் நகத்தளவுகூட இல்லையே! எனக்கா அதிகம்?"

"நெஞ்சோட அளவையா பார்த்தேன்? உள்ளே நோய் எவ்வளவு ஆழமா இறங்கியிருக்குன்னு பார்த்தேன். இப்ப விட்டா மறுபடியும் தலைதூக்கும்."

அன்று முழுக்க மூஞ்சூறு வளையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலை வளை வாசலில் ஒரு தும்பிக்கை நீண்டது.

"ஏறுடா. மருந்துக்கு நேரமாச்சு."

அன்றிலிருந்து தினமும் யானைச் சவாரிதான்.

காடெங்கும் மாம்பழ வாசனை அடித்த ஒரு நாள் வைத்தியர் மறுபடி தட்டிப் பார்த்து, "போதும்" என்றார். மூஞ்சூறு போட்ட கீச்சு மலையில் மோதித் திரும்பியது. இடையில் ஒரு இருமல்கூட இல்லை.

யானையின் தலையில் உட்கார்ந்து மூஞ்சூறு ஊர்வலம் போனது. எதிரே வந்த முயலிடமும் மானிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது: "தெரியுமா? யானைக்கு வந்ததைவிடப் பெரிய நோய், எனக்கு!"

யானை காதை ஆட்டிக்கொண்டே, "ஆமாமா, இவனுக்குத்தான் பெரிசு" என்றது.