கரண்ட் திருடன்

அஸ்மத் துபாயிலிருந்து பெருமையாக வாங்கிவந்து மாட்டிய, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் பிரேக்கர், ஃபேனைப் போட்ட மறுநொடியே 'டப்'பென்று விழுந்தது. மகளைப் பெண் பார்க்க சிதம்பரத்திலிருந்து ஆட்கள் வரும் நாள் வேறு.

"கரண்ட் எங்கயோ கசியுது, அதான் விழுது. எல்லாம் பக்கத்து வீட்டு ஒங்கண்ணன் ஷாகிர் வேலை! கரண்ட் திருடன்!" என்று மனைவி ஃபர்ஹீன்மேல் பாய்ந்தார்.

"என்னை இழுக்காதீங்க. ஒங்க ரெண்டு பேரு சண்டையில நான் நியூட்ரல்."

எலக்ட்ரீஷியன் ராபர்ட் ஏணியில் ஏறிப் பார்த்தார். "பாய், கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயரு ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணாக் கெடக்குது."

"பாத்தியா திருட்டை! அறுத்துவிடு!"

"யோசிச்சுக்குங்க பாய்..."

"யோசிக்க என்ன இருக்கு? அறுய்யா!"

ராபர்ட் அறுத்தார். அஸ்மத் வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஷாகிர் வீட்டு மிக்சி மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்க வீட்டுக்குன்னு நியூட்ரலே இல்ல பாய். இத்தனை வருஷமா அவுங்க வீட்டுலேருந்துதான் ஓடியிருக்கு. போன கரண்ட் ஒங்க வழியாத் திரும்பி வரல, பிரேக்கர் அதைத்தான் காட்டிக்குடுத்துச்சு."

வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது. அஸ்மத் சுவரோரம் ஓடினார்.

"மச்சான்... கொஞ்சம் நியூட்ரல் குடுங்க மச்சான்!"

ஷாகிர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சியை மட்டுந்தான் குடுத்தோம்னு நெனைச்சேன். நியூட்ரலையும் சேத்துல்ல சீராக் குடுத்திருக்கோம்!"