பெண் வீட்டார் கேட்ட ஊசி

"ஃப்ளூ ஊசி போட்டாத்தான் பொண்ணு தருவீகளா? எம் புள்ளைக்கு என்ன சீக்கா இருக்கு?"

சாத்தூரில், பெண் வீட்டுக் கூடத்திலேயே தருண்குமாரின் அம்மா எழுந்துவிட்டாள். "கல்லு மாதிரி இருக்கான். காய்ச்சல்னு ஒருநாள் படுத்தவன் இல்ல. வாலே, போவோம்!"

பெண்ணின் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தருணுக்கும் சுருக்கென்றது. பார்க்க வந்த மாப்பிள்ளையையே சந்தேகப்படும் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது?

"ஊசி போடச் சொன்னது நான்தான்." உள்ளேயிருந்து பிரீத்தி வந்தாள்.

"உங்க அப்பாவுக்காகவா? உடம்பு சரியில்லையா?" என்றான் தருண்.

"அப்பா நல்லாத்தான் இருக்காக. அவுக குடுத்த கிட்னி ஒண்ணுதான் என்னை நடமாட வைக்குது."

"பிரீத்தி!" அப்பா பதறினார்.

"மறைச்சுக் கட்டிக்க மனசில்லப்பா." அவள் தருணிடம் திரும்பினாள். "அந்தக் கிட்னியைக் காப்பாத்தச் சாப்பிடுற மாத்திரையால எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. உங்களுக்கு நாலு நாளுல போயிர்ற காய்ச்சல் என்னைத் தொத்துனா, என் உசுருக்கே ஆபத்து."

அம்மா மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை.

"ஒருதடவை போட்டாப் போதுமா?"

"வருஷா வருஷம் போடணும்" என்றாள் பிரீத்தி.

தருண் அம்மாவைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தான்.

"அப்ப எங்கம்மாவுக்கும் சேர்த்தே போட்டுருவோம். ஒரே வீட்டுலதான இருக்கப் போறோம்."