காது முளைத்த கார்

"இது இன்னாம்மா, காருக்குக் காது முளைச்சிருக்குது?"

பெட்டியைத் திறந்ததுமே இராமச்சந்திரன் கேட்டுவிட்டார்.

உள்ளே முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு மாரிஸ் மைனர். பிளாஸ்டிக் கிட் வாங்கி, ஒட்டி, வண்ணமடித்து நிலா செய்தது. செஞ்சியில் பாலிடெக்னிக் ஆசிரியை அவள். பழைய கார்களின் மாதிரி செய்வது அவளுடைய விடுமுறைப் பைத்தியம்.

நாளை வல்லத்தில் இராமச்சந்திரனின் அப்பா ராஜாங்கத்துக்கு நூற்றாண்டு விழா. மேடையில், மாலை போட்ட படத்துக்குக் கீழே, அவர் வைத்திருந்த காரின் மாதிரி இருக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. அந்தக் காரைக் கடைசிவரை ஓட்டியவர் நிலாவின் அப்பா கன்னியப்பன். அதனால் வேலையை அவளிடமே கொடுத்திருந்தார். வாங்கிப் போக அவள் வீட்டுக்கே வந்துமிருந்தார்.

"காது இல்ல சார். சைடு மிரர்."

"அதான் கேக்கறேன். அந்த வருஷத்து வண்டிக்குக் கம்பெனி சைடு மிரர் தரவே இல்ல. கிட்டுலயும் இருந்திருக்காது."

"இல்லதான். குண்டூசியும் வெள்ளித்தாளும் வெச்சு நானே செஞ்சேன்."

இராமச்சந்திரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தப்பு என்றால் அவருக்குப் பிடிக்காது. அடுத்தவர் செய்த தப்பு என்றால் கண்டுபிடிக்கப் பிடிக்கும். அவருக்கு விவரம் தெரியும் முன்பே விற்றுப்போன அந்தக் காரின் விளம்பரத் தாளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து நெட்டுருப் போட்டிருந்தார்.

"எடுத்துடும்மா."

"எடுக்க மாட்டேன் சார்."

'மாட்டேன்' என்பவர்களோடு அவருக்குப் பழக்கம் போதாது. நகத்தால் தாமே கிள்ளியெடுக்கப் போனார். நிலா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா பிடிவாதம் இது? நாளைக்கு விவரம் தெரிஞ்சவங்க நாலு பேர் வருவாங்க. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எங்க நைனா ஓட்டின வண்டியில ரெண்டு பக்கமும் இருந்துது. பெரியவருதான் திண்டிவனத்துல வாங்கியாந்து மாட்டச் சொன்னாராம்."

இராமச்சந்திரனின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாவே வாங்கித் தந்தாரா? இருக்கும், இருக்கும். அவரு மனசு அப்படி. அந்தக் காலத்துல காலனி ஆளை நம்பி எவன் ஸ்டீயரிங்கைக் கொடுத்தான்? அவரு கொடுத்தாரு. சாதி பார்க்காத மனுஷன். நாளைக்கு மேடையில அதைத்தான் பேசப் போறேன்."

நிலா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி, காது இருந்துட்டுப் போவட்டும்" என்று பெரிய மனது பண்ணிவிட்டு, செல்போன் வெளிச்சத்தைக் காருக்குள் அடித்துப் பார்த்தார். மறுபடியும் முகம் சுருங்கியது.

"உள்ள கண்ணாடியே காணோம்? டிரைவர் தலைக்கு முன்னாடி, நடுவுல தொங்குமே! விழுந்துடுச்சா?"

"விழல. நான் வெக்கல."

"நல்லா இருக்குதும்மா! கம்பெனி தராததை வெச்சுட்டு, தந்ததை உட்டுட்டியா? பசையைக் கொண்டா, இப்பவே ஒட்டு."

"ஒட்ட மாட்டேன் சார். நைனா வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அதைக் கழட்டியாச்சு."

"அதைப் போயி எவனாவது கழட்டுவானா? பின்னாடி இன்னா வருதுன்னு டிரைவர் எப்படிப் பார்ப்பான்?"

"அதுக்குத்தான் வெளிய ரெண்டு."

"ஏன், உள்ள இருந்தா இன்னா கெட்டுப்போச்சு?"

நிலா பெட்டியை மூடி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"மேடையில வெக்கறதுன்னா இப்படியே வெய்ங்க. இல்லன்னா இங்கயே இருக்கட்டும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா!"

"பின்சீட்டுல உங்க வீட்டுப் பொம்பளைங்க உக்காருவாங்களே சார். எங்க நைனா கண்ணு கண்ணாடி வழியாக்கூட அவங்க மேல பட்டுடக் கூடாதுன்னு, உங்கப்பாதான் தன் கையால கழட்டிப் போட்டாரு."