சின்ன வளையம்

"இன்னிக்கு அந்த ஆளை நான் சும்மா விடப்போறதில்லைங்க!"

மாவு பிசைந்த கையோடு மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள் தையல்காரர் மனைவி. மேலே தையல் மிஷின் ஒரு நொடி நின்றது.

"யாரை?"

"வேற யாரை? கொடியைப் பிடிச்சுக்கிட்டுக் கூட்டத்தைக் கூட்டிட்டு வர்றானே, அந்த வழிகாட்டியைத்தான்!"

"விட்டுத் தொலையேன்" என்றார் தையல்காரர். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவருக்கென்ன, மேலேயே உட்கார்ந்திருப்பவர். வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறப்பவளுக்கல்லவா தெரியும்!

பழைய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள குறுகலான சந்துகளைப் பார்க்கச் சாயங்காலமானால் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும். வரட்டும், யார் வேண்டாமென்றது? மினாராவைப் பார்க்கட்டும், கல் வளைவுகளைப் பார்க்கட்டும். அவள் வீட்டுக் கதவில் அவர்களுக்கு என்ன வேலை?

அது அந்தக் காலத்துக் கதவு. ஒரு பக்கம் கனத்த இரும்புத் தண்டு, ஆண்கள் தட்டுவதற்கு. இன்னொரு பக்கம் மெல்லிய வளையம், பெண்கள் தட்டுவதற்கு. 'டொம்' என்று கேட்டால் வீட்டு ஆண் போய்த் திறப்பார். 'டிங்' என்று கேட்டால் வீட்டுப் பெண் போவாள். சந்தில் மற்றவர்கள் எல்லாம் மின்சார மணிக்கு மாறிவிட்டாலும் தையல்காரர் மாறவில்லை. பிடித்தால் ஒரே பிடி, அவர் சுபாவம் அப்படி.

அந்த வழிகாட்டி இரண்டையும் காட்டி நீட்டி முழக்குவான். ஆனால் தட்டுவது என்னவோ எப்போதும் சின்ன வளையத்தைத்தான். "பொம்பளைங்க யாரோ வந்திருக்காங்க, நீ போய்ப் பாரு" என்று மேலிருந்து குரல் வரும். அவளும் யாரோ துணி தைக்கக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று அடுப்பைத் தணித்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவாள். திறந்தால் கண்ணைக் கூசவைக்கும் செல்போன் வெளிச்சம்! எதிரே நிற்பது யார் எவர் என்று ஒன்றும் தெரியாது. வாயில் வந்தபடி திட்டுவாள். கூட்டம் சிரிக்கும். அவன், "மன்னிச்சுக்குங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு மறுநாளும் வந்து நிற்பான். வெட்கங்கெட்டவன்!

சுற்றுலா ஆபீசுக்கே போய் முறையிட்டும் பார்த்தாள். "உங்க வீடு எங்க சுற்றுலாவிலேயே இல்லையேம்மா" என்று கையை விரித்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்று அவள் கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்தாள்.

'டிங்!'

சடாரென்று திறந்து, வழிகாட்டியின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏம்ப்பா, தட்டுறதுக்கு உனக்கு வேற வீடே கிடைக்கலையா?"

"அம்மா, கையை விடுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும்! அதென்ன, ஆம்பிளையா இருந்துக்கிட்டுப் பொம்பளைங்க வளையத்தையே தட்டுறே? துணிச்சல் இருந்தா பெரிசைத் தட்டேன். எங்க வீட்டுக்காரர் கத்திரிக்கோலோட இறங்கி வருவாரு. பொம்பளைன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?"

கூட்டத்தில் ஒரு பெண்மணி கைதட்டினாள். "எவ்வளவு இயல்பா நடிக்கிறாங்க பாருங்க! இதுவும் டிக்கெட்லயே சேர்த்தியா?"

அவ்வளவுதான், தையல்காரர் மனைவிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"நடிப்பா? உள்ளே அடுப்புல ரொட்டி கருகிக்கிட்டு இருக்கு, அதுவும் நடிப்பா? நாங்க இங்க குடும்பம் நடத்துறோம், கண்காட்சி நடத்தலை!"

விபரீதமாகப் போகிறது என்று தெரிந்ததும் வழிகாட்டி கூட்டத்தைப் பள்ளிவாசல் முற்றத்துக்கு அனுப்பிவைத்தான். சந்து காலியானது. அவள் கையை எடுத்தாளே தவிர, வாயை மூடவில்லை.

"கேட்க ஆளில்லைங்கிற தைரியம்தானே உனக்கு? எனக்கும் ஒரு பிள்ளை இருக்கான்ப்பா. மிஷின்ல உட்கார மாட்டேன், ரெடிமேட் கம்பெனி வேலைக்குப் போறேன்னான். 'போனா திரும்ப இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னாரு அவனைப் பெத்த அத்தா. அப்பனுக்குத் தப்பாத ரோஷக்காரன், இன்னிக்கு வரைக்கும் மிதிக்கலை. அவன் மட்டும் இங்க இருந்திருந்தா நீ இந்த ஆட்டம் ஆடியிருப்பியா?"

வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கே ஆசாரியை வரவழைச்சு இந்தச் சனியன் பிடிச்ச வளையத்தைப் பிடுங்கி எறியப்போறேன். அப்புறம் எதைத் தட்டுவேன்னு பார்க்கிறேன்!"

"ஐயோ, வேணாம்மா!" பதறிப்போனான் அவன். "பெரிசை வேணும்னா பிடுங்கிடுங்க. சின்னதை மட்டும் விட்டுடுங்க."

"ஏன், உன் பொழப்பு கெட்டுடுமோ?"

"ஆபீஸ்ல உங்ககிட்ட உண்மையைத்தான் சொன்னாங்க. இந்த வீடு எங்க சுற்றுலாவிலேயே கிடையாதும்மா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன், இனிமே மறைச்சா பாவம்." அவன் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "தினமும் வேலை முடிஞ்சு ஒரு பையன் டிக்கெட் வாங்கிட்டு வந்து கடைசி ஆளா நிப்பான். 'பெரிசைத் தொட்டா அத்தா வந்துடுவாரு, சின்னதைத் தட்டுங்கண்ணே. படியை மிதிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு, தெருவுல நின்னு அம்மாவைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லலையே'ன்னு கெஞ்சுவான்."