வெளுத்துப் போன ஆரத்தி

"இது சுண்ணாம்பா, வேற எதனாவதான்னு பாத்துச் சொல்லணும் டீச்சர்."

பள்ளி ஆய்வகத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள் பாப்பாத்தி. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பம். கையில் இறுக மூடிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள்.

வேதியியல் டீச்சர் ரேணுகா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்க" என்றாள்.

டப்பாவைத் திறந்தாள். வெள்ளைப் பொடி.

"இத எதுக்கு எடுத்தீங்க?"

"ஆரத்திக்குத்தான். மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்கும்ல. போன வருசம் தை மாசம், எம் பையன் கல்யாணத்துக்கு இதுலேர்ந்துதான் எடுத்துக் கரைச்சேன். நல்லாத்தான் செவந்துச்சு. மருமக வாசப்படிகிட்ட வர்றதுக்குள்ள வெளுத்துப் போயிடிச்சு. சுத்தி நின்னவங்க ஆளுக்கொண்ணு பேசுனாங்க."

ரேணுகா இரண்டு சோதனைக் குழாய்களில் மஞ்சள் கரைத்தாள். ஒன்றில் ஆய்வகத்துச் சுண்ணாம்பு. இன்னொன்றில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை. இரண்டும் சிவந்தன.

"அப்புறம்?"

"அந்த மாசமே எங்க வீட்டுக்காரரு நெஞ்சு வலில போயிட்டாரு. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. எல்லாம் இவ வந்த நேரம்னு சொல்லிட்டேன். பொட்டியத் தூக்கி வெளிய வெச்சு, அம்மா வீட்டுக்குப் போடின்னு அனுப்பிட்டேன் டீச்சர். எம் பையன் கலையரசன் வாயத் தொறக்கல. இப்ப வரைக்கும் எங்கிட்ட சரியா சாப்பாடு கூடக் கேக்கறதில்ல."

முதல் குழாய் சிவப்பாகவே இருந்தது. இரண்டாவது பார்க்கப் பார்க்க வெளுத்தது. ரேணுகா சிவப்பு லிட்மஸ் தாளை அதில் தொட்டாள். தாள் நீலமாகி, பிறகு அந்த நீலமும் போய் வெள்ளையானது.

"ப்ளீச்சிங் பவுடர். சுண்ணாம்பு மாதிரி இதுவும் காரம்தான், அதான் மொதல்ல செவக்குது. அப்புறம் அந்தக் கலரையே அழிச்சிடும்."

பாப்பாத்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு முந்தின மாசம் சுனாமி வந்தப்ப வீட்டுக்கு வீடு குடுத்தாங்களே! அவருதான் வாங்கியாந்து டப்பால கொட்டி வெச்சிருக்கணும். அந்த நாத்தம் கூடவா எனக்குத் தெரியல?"

"அப்ப ஊரு பூராவும் அதே நாத்தம்தானே. யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு ரேணுகா குழாயைக் கீழே வைத்தாள்.

"இப்ப மட்டும் எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

பாப்பாத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் பொண்ணு கைக்குழந்தையோட வந்தா. பரண்லேர்ந்து இதே டப்பாவத்தான் எடுத்தேன். மறுபடியும் வெளுத்துச்சு. பேரப்புள்ளய வெளிய நிறுத்த மனசு வருமா? உள்ள கூட்டிக்கினு போயிட்டு, அப்புறம்தான் டப்பாவ மோந்து பாத்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பெற்ற மகள் வந்தபோது டப்பாவைச் சந்தேகப்பட்டவள், மருமகள் வந்தபோது மருமகளையே சந்தேகப்பட்டாள். அந்த நினைப்பில் அவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"நான் போயிக் கூப்பிட்டா அவ வருவாளா டீச்சர்?"

ரேணுகா குழாய்களைக் கழுவினாள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

"அன்னிக்கே அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு சொல்லிச்சு" என்றாள் பாப்பாத்தி. "'இது சுண்ணாம்பு இல்ல, கொஞ்சம் பொடி குடுங்க, என்னன்னு பாத்துச் சொல்றேன்'னு கெஞ்சிச்சு. மணப்பொண்ணுக்கு இவ்ளோ வாயான்னு அடக்கிட்டேன். அதான் இன்னிக்கு டப்பாவோட வந்துட்டேன்."

ரேணுகா டப்பாவை இறுக மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு ஒரு சிட்டிகை குடுத்திருந்தீங்கன்னா, நான் இன்னும் உங்க மருமகளாவே இருந்திருப்பேனே, அத்தை."