டிரம் சூளை

"டீ வேணாம்மா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்," என்றார் வேடியப்பன்.

கோவிந்தம்மாள் தலையசைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை அந்த வீட்டில் டீ குடிக்கிறாயா என்று கேட்காமல் விட்டதில்லை. வந்தவர்களும் இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லாமல் இருந்ததில்லை. இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டுத் தம்ளர் அவர்கள் வாய்க்குப் போகாமலும், போகக் கூடாது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல நேராமலும் அந்தக் கேள்வியும் பதிலும் பார்த்துக்கொண்டன.

வேடியப்பன் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த வெல்டர். மருமகள் நிர்மலாதான் அவரை வரவழைத்திருந்தாள்.

"திருத்தணியில இல்லாத வெல்டரா? அத்தினி தூரத்திலேர்ந்து ஒரு ஆளு வரணுமா?" என்று கோவிந்தம்மாள் கேட்டதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"இங்க இருக்கறவங்க கேட்டும் கிரில்லும்தான் போடுவாங்க அத்தை. டிரம்மை அறுத்துச் சூளை செய்யணும்னா சிரிக்கிறாங்க."

நிர்மலா சென்னையில் பீங்கான் கலை படித்தவள். செய்த கோப்பைகளைச் சுடுவதற்கு இதுவரை ரயிலில் சென்னைக்குத்தான் சுமந்து போனாள். பாதி, கூட்டத்தில் இடிபட்டு உடைந்தன. அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்தமாக ஒரு கேஸ் சூளை. ஆனால் அதே கொட்டகையைத் தறி போட வாடகைக்குக் கேட்டு பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு வாட்டி சுட்டுக் காட்டு. உருப்படியா வந்தா கொட்டகை உனக்கு. இல்லன்னா தறிக்கு," என்று கோவிந்தம்மாள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண் என்று சொல்லி மகன் சந்திரமோகன் கட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்கு இந்த ஒரு வாய்ப்பையும் மறுக்க மனம் வரவில்லை.

பழைய எண்ணெய் டிரம்மின் உள்சுவரில் சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சுப் பாயை நிர்மலா ஒட்டினாள். அடியில் பர்னருக்கு ஒரு துளை, தலையில் புகைக்கு ஒரு துளை. வேடியப்பன் கதவைப் பற்றவைத்தபோது கீலை இடம் மாற்றி வைத்துவிட்டார்; கதவு திறந்தால் கொட்டகைச் சுவரில் முட்டியது.

"அந்தப் பக்கம் வரணும்னு சொன்னேனேங்க," என்றாள் நிர்மலா.

"மறந்துட்டேம்மா. இதோ அறுத்துடறேன்."

கோவிந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் வேடியப்பா, வேற யாராவதா இருந்தா வேலையை விட்டுட்டு ஓடியிருப்பான். இவ இவ்ளோ குத்தம் சொல்றா, நீ ஒரு வார்த்தை எதுத்துப் பேசலியே."

"சொல்றது சரிதானேம்மா," என்று அவர் முகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

சுடும் நாளன்று காலையிலேயே பர்னர் உறுமத் தொடங்கியது. கோவிந்தம்மாள் எட்டவே நின்றாள். "இதுல கப்பு வேகுமோ இல்லியோ, கொட்டகை வேகும் போல இருக்கே."

பிற்பகலில் அந்த உறுமல் தேய்ந்தது. நீல ஜுவாலை சுருங்கிச் சுருங்கித் துளையோடு நின்றது. சிலிண்டரின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

"கேஸ் தீந்துபோச்சா?"

"தீரல அத்தை. காலையிலேர்ந்து எரிஞ்சிகினே இருக்குல்ல, சிலிண்டர் குளுந்துபோச்சு. உள்ள இருக்கற கேஸ் வெளிய வரமாட்டேங்குது. வெதுவெதுன்னு தண்ணி ஊத்தணும்." நிர்மலாவின் குரல் இறங்கியிருந்தது. "இப்ப சூடு எறங்கினா எல்லாம் போச்சு."

வேடியப்பன் கோணிச் சாக்கை எடுத்துவந்து சிலிண்டரைச் சுற்றினார். கோவிந்தம்மாள் உள்ளே போய், குளிக்க வைத்திருந்த வெந்நீரை விளாவி அண்டாவோடு தூக்கிக்கொண்டு வந்தாள். தானே மொண்டு மொண்டு சாக்கின்மேல் ஊற்றினாள்.

"தறிக்காரன் கேட்டா சிரிப்பான். மாமியா சிலிண்டருக்குத் தலைக்கு ஊத்திகினு இருக்கான்னு," என்றாள்.

ஜுவாலை மெல்ல நிமிர்ந்தது. பொழுது சாயும் வேளையில், பார்வைத் துளைக்குள் சூட்டை அளக்க நிறுத்தியிருந்த சின்னக் களிமண் கூம்பு தலை வளைந்தது. நிர்மலா கேஸை அடைத்தாள். "இனிமே ஆறணும். நாளைக்குக் காலையிலதான் தெறக்கணும்."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வேடியப்பன் வந்துவிட்டார். சூளைக் கதவின் தாழ்ப்பாளை அவர்தான் தட்டி நீக்கினார். ஒரு கோப்பை மட்டும் விரிசல் விட்டிருந்தது. மற்றவை மழை நனைத்த இலை நிறத்தில் வரிசையாக மினுங்கின. கோவிந்தம்மாள் ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினாள். கணீரென்று கேட்டது.

"ஆங்... தறிக்காரனை வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன்," என்றாள்.

நிர்மலா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். வேடியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

கோவிந்தம்மாள் உற்சாகத்தோடு உள்ளே போய் டீத் தூக்கைக் கொண்டுவந்தாள். "நம்ம வீட்டு டீயை நம்ம சூளையில சுட்ட கப்புலியே குடிச்சுப் பாக்கலாம்." பிறகு வழக்கப்படி, "வேடியப்பா, நீ டீ குடிக்கிறியா?" என்றாள்.

"வேணாம்மா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்."

நிர்மலா தூக்கை மாமியாரின் கையிலிருந்து வாங்கினாள். கோப்பைகளிலேயே அழகாக வந்திருந்த ஒன்றைக் கழுவி, விளிம்புவரை ஊற்றி, அவர் எதிரில் போய் நீட்டினாள்.

"இவரு மொத பஸ்ஸுக்கே கெளம்பி வந்தவரு அத்தை. இன்னும் பச்சத் தண்ணிகூட குடிக்கல," என்றாள். அவர் கை நீளவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கோப்பையை வைத்தாள்.

"குடி நைனா. நீ பெத்த பொண்ணு ஊத்தற டீ."