வெற்றிலைத் தட்டில் எச்சில் குப்பி

ஒரே காலையில் நாற்பத்திரண்டு சொந்தக்காரர்களை வரிசையில் நிறுத்தித் துப்ப வைத்தவன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களிலேயே நான் ஒருவன்தான்.

என் மகள் இளவேனிலின் பரம்பரை ரத்த நோய்க்கு மருந்து தயாரிக்க, தூரத்துச் சொந்தங்கள் பத்துப் பேராவது மரபணுச் சோதனைக்கு எச்சில் தர வேண்டும். ஆறு மாதம் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருவரும் அசையவில்லை.

கடைசியில் பங்காளி சங்கரபாண்டிதான் போனில் சீறினார். "மெசேஜ் போட்டா ஓடி வர நான் என்ன டெலிவரி ஆளாவே? புருஷன் பொண்டாட்டியா வந்து முறையா அழைச்சீரா?"

அன்றே நானும் மனைவி பகவதியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், எச்சில் குப்பி வைத்துக் கிளம்பினோம். ஆயிரம் வீடு ஏறினோம். பகவதியின் கணக்கில் முப்பத்தொன்று. என் முட்டி இரண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டன. நாற்பத்திரண்டு பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்று இளவேனிலிடம் சொன்னேன்.

"நாப்பத்திரண்டு பேரா? நீங்க அளக்குற கணக்குல அது நிஜத்துல நாலுப்பா. போதும், அலையாதீங்க" என்றாள் இளவேனில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடியபடி.

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் வராந்தாவுக்குத் தள்ளிப்போனேன். பகவதி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வரிசையின் முதலில் குப்பியோடு நின்ற சங்கரபாண்டி, "வயசுல மூத்தவன் நான்தாம்ல முதல்ல துப்பணும்!" என்று பின்னால் இருந்தவரைத் தள்ளினார்.

இளவேனில் ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடிக்க நெடுநேரமானது.

"நீங்க அளக்கலப்பா," என்றாள். "நிஜமாவே வந்திருக்காங்க."